வெயிலுக்குக் காவல் நின்றவர்

எப்போது அவரை நினைத்தாலும், எங்கள் கடை மொட்டை மாடியில் தலையில் ஈரத்துண்டோடு வெயிலில் நிற்கிறவராகத்தான் வருகிறார். முகம்கூட இப்போது சரியாக ஞாபகமில்லை. நின்ற விதம் ஞாபகமிருக்கிறது. கால்களைக் கொஞ்சம் அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் விரித்து வைத்த சோலார் தகட்டையே பார்த்தபடி நிற்பார்.

பெயர் தெரியும். பில்லில் நான்தான் எழுதினேன். இங்கே அது வேண்டாம். இப்போது ஓசூரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி.

திருச்செங்கோடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அண்ணன் செல்போன் சாமான் கடை வைத்திருந்தார். சார்ஜர், கவர், ஸ்பீக்கர், கண்ணாடி ஒட்டுவது, இவ்வளவுதான். சங்ககிரி ரோட்டில் லாரி மோதி என் வீட்டுக்காரர் இறந்து அப்போது எட்டு மாதம். வீட்டில் சும்மா கிடக்க வேண்டாம் என்று அண்ணன் கூட்டிவந்து கடையில் உட்காரவைத்தார். உட்கார்ந்தேன். அந்த வருஷம் யார் எங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்க அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தினார்.

"ஏனுங்க அம்மிணி, வெயில்ல வெச்சா சார்ஜு ஏறுமாமே, அது இருக்குதுங்களா?"

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சண்டையோ என்று நினைத்திருப்பார்.

"இருக்குதுங்கண்ணா. எத்தனை போனுக்கு வேணும்?" என்று அலமாரிப் பக்கம் திரும்பியபடியே கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்து மறுபடி கேட்டேன். உடனே, "ரெண்டு போனு, ஒரு லைட்டு. அதுபோக ஒரு ஸ்பீக்கரு வேணுமுங்க" என்றார். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குள் விஷயம் புரிந்துவிட்டது. அவருக்குக் காது கேட்காது.

இருபத்திரண்டு வருஷம், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் ட்ரில்லராக இருந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள்தான். கம்ப்ரசர் பக்கத்தில் நாளெல்லாம் நின்று காது போயிருந்தது. லீவரைப் பிடித்துப் பிடித்து விரல்களும் மரத்துவிட்டன. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

"இருவத்திரண்டு வருசம் தார்ப்பாய்க்கடியில படுத்தனுங்க. இப்ப என்ற பாப்பா, காசு குடுத்துக் கூடாரத்துல படுக்கலாம் வாங்கப்பாங்குது. கொல்லிமலைக்கு. மூணு நாளு" என்றார்.

பாப்பா என்றது இருபத்தைந்து வயது மகளை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. நண்பர்களோடு மாதம் ஒரு மலைக்குப் போகிற பெண்ணாம். முதல் தடவையாக அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஜனங்கள் விரும்பி வாங்குவதை எடுத்துக் காட்டினேன். பவர் பேங்க், அதன் முதுகிலேயே சின்ன சோலார் தகடு. கைக்கு அடக்கம். பத்து மணி நேரத்தில் ஏறிவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"பெட்டி சொல்லுது. நெசமான்னு யாரு பாத்தாங்க?"

ஒருவரும் பார்த்ததில்லை.

"மேல மாடி இருக்குதுங்களா? ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கறனுங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ரிக் குடும்பங்களை நம்பித்தான் பாதி வியாபாரம்.

காலை ஒன்பது மணிக்கு மேலே கொண்டுபோனார். வைத்துவிட்டு ஊருக்குப் போய்ச் சாயங்காலம் வருவார் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினால், அங்கேயே நிற்கிறார். தரையில் கால் வைக்க முடியாத சூடு.

"வெச்சுட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணா" என்றேன், அவர் முகத்துக்கு நேராக வந்து.

"வெச்சுட்டுப் போகப்படாதுங்க. ஓடற சாமான் பக்கத்துல ஆளு நிக்கோணும்."

அதுதான் அவர். அவரைப்பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துதான் நிற்கும். ஒருநாள் காலை, அவர் மாடி ஏறுவதற்கு முன்னால், எங்கள் தெருவில் கரண்ட் கம்பத்தில் ஏதோ பழுது. லைன்மேன் ஏணியைச் சாய்த்து ஏறி, பாதி வேலையில் சாமான் வாங்க இறங்கிப் போய்விட்டார். டீ சொல்லிவிட்டு நின்ற இவர் போய் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணியில் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து லைன்மேன் வந்து, "நீங்க யாருங்க?" என்றார். "ஏணிக்கு ஆளு வேணுமுல்லங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தார். டீ ஆறிப்போனது பற்றி டீக்கடைக்காரர்தான் வருத்தப்பட்டார்.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் பவர் பேங்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் எரிந்தது.

"ஒரு நாளு வெயிலுக்கு ஒரு புள்ளி. அதுவும் நம்மூரு வெயிலு. கொல்லிமலைப் பனியில இது பொட்டுக்கூட ஏறாதுங்க. தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு. பேனலு வெயில்ல இருக்கோணும், பேட்டரி நெழல்ல இருக்கோணும். ரெண்டையும் ஒட்டி வெச்சவன் வெயில்ல நின்னு பாக்காதவன்."

வெயிலில் காய்ந்த பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும் என்பது எனக்கும் பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் அந்த மாதிரியை யாருக்கும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் வேறு மாதிரி. துணிப்பை மாதிரி நான்காக மடிகிற தகடு. விரித்தால் ஒரு செய்தித்தாள் அகலம் வரும். முதலில் போனை நேராக அதில் சொருகினார். மேகம் ஒன்று கடந்தால் சார்ஜ் நின்றது, வெயில் வந்தால் மறுபடி பிடித்தது, நின்றது, பிடித்தது. "இப்படி விட்டு விட்டு ஏறுனா போனு கெட்டுரும். நடுவுல ஒரு பேட்டரி வேணும். வெயிலு பேட்டரிக்கு, பேட்டரி போனுக்கு" என்று தனியாக ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொண்டு ஏறினார். அதைத் தகட்டின் அடியில், நிழலில் வைத்தார். அரைமணிக்கு ஒருதரம் தகட்டைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார். மூன்று மணிக்கு நான்கு புள்ளியும் எரிந்தன. கீழே இறங்கி வந்து, "நெறஞ்சிருச்சுங்க" என்று கத்தினார். போர் போட்டுத் தண்ணீர் வந்தால் வீட்டுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

அன்று அவருடைய வலதுகை விரல் இரண்டில் கொப்புளம் போட்டிருந்தது. கொதிக்கிற தகட்டைத் திருப்பித் திருப்பிச் சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை.

"கை வெந்திருக்குதுங்கண்ணா" என்றேன்.

கையைத் தூக்கிப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார்.

எனக்கும் அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. மேஜை இழுப்பறையில் தீப்புண் மருந்து இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் அந்தக் கொப்புளத்தை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாம் நாள் மாடியில் துணி எடுக்கப் போனபோது, நான் கேட்காமலே அவராகச் சொன்னார். கத்தித்தான் சொன்னார். பக்கத்து மாடியில் நூல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"சத்தீஸ்கர்ல காட்டுக்குள்ள போர் போடற பாயிண்டுங்க. வண்டி பேட்டரி எறங்கிப்போயி ரெண்டு நாளா யாரு போன்லயும் சார்ஜு இல்லை. ஊட்டுல பாப்பாவோட அம்மா தலைவலின்னு படுத்துச்சாம், எந்திரிக்கலை. பாப்பா அப்ப காலேஜு ஹாஸ்டல்ல இருக்குது. தனியாப் போயி எல்லாம் பாத்திருக்குது. எனக்கு நாப்பது தடவை போன் பண்ணிருக்குது. நான் ஊடு வந்து சேரறப்ப மூணாம் நாளு. எல்லாம் முடிஞ்சிருந்துச்சுங்க."

தகட்டை ஒரு விரற்கடை திருப்பினார்.

"மெசினு பக்கத்துல நின்னுட்டு இருந்தனுங்க" என்றார்.

எல்லோரும் என்னிடம் அந்த எட்டு மாதமும் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். சொன்ன எதுவும் என்மேல் படவில்லை. அதனால் அவருக்கு நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. துணியை மடித்துக்கொண்டு கீழே வந்தேன்.

ஸ்பீக்கர் விஷயம் இன்னும் நான்கு நாள் இழுத்தது. ஆறு ஸ்பீக்கர்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டைப் போடச் சொன்னார். முதலில் விரலை வைத்தார். மரத்த விரல், ஒன்றும் சொல்லவில்லை போலும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது மேல மட்டும் ஆடுதுங்க, அடியில ஆட்டமில்லை" என்று ஒன்றை ஒதுக்கினார். "இது அடியில மட்டும் இடிக்குது, பாடறவிய கொரலே இல்லை" என்று இன்னொன்று. அவர் ஒதுக்கியதையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். காது கேட்கிற எங்கள் அண்ணன் பெட்டியைப் பார்த்துத்தான் விற்றுக்கொண்டிருந்தார்.

ஒன்று பிடித்தது. மழையில் நனைந்தாலும் தாங்குகிற, சொம்பு அளவில் ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் என்று பெட்டி சொன்னது. அதையும் மாடிக்குக் கொண்டுபோய் முழுச் சத்தத்தில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நின்றுபோனால் தெரிய வேண்டுமே. தெருவே மேலே பார்த்தது. "ஏனுங்கண்ணா, கொஞ்சம் கொறைச்சு வெய்யுங்க!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். அவர் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். முழுச் சத்தத்தில் ஐந்து மணி நேரம் வந்தது. மறுநாள் பாதிச் சத்தத்தில் பதினொன்று.

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா இத்தனை பாடு? ஏதோ ஒன்னை வாங்கிட்டுப் போலாமே" என்று அண்ணன் கேட்டார்.

"பாப்பாவுக்குச் சின்னதுல இருந்து பாட்டுன்னா உசுருங்க. நாமக்கல்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடம். ரேடியோ வெக்க உடமாட்டாங்கன்னு லீவுக்கு வாரப்பல்லாம் அழுவும். அங்க வந்து பாட்டு நடுவுல நின்னுறப்படாதுங்க."

பில் போட்ட அன்று கிளம்புகிற நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தார். சத்தத்தை முழுசாக வைத்திருப்பார், அதனால் மகள் பேசியது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, மலையில ரெண்டாவது நாளு அம்மா எறந்த நாளுங்க. ஊட்ல இருக்கற அம்மா போட்டோவை எடுத்துட்டு வாறீங்களா? மலை மேல வெச்சு ரெண்டு பேரும் கும்புட்டுக்கலாம்."

அவர் போன் திரையில் ஓடுகிற நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டேன் சாமி. நீ சாப்ட்டியா?"

"அப்பா, போட்டோ. அம்மா போட்டோ."

"ஆமா சாமி, வெயிலுதான். பத்திரமா இரு. வெச்சிர்றேன்."

அழைப்பு நின்றது. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதாமா" என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வார்த்தை போதும். அப்போது ஒருத்தர் வந்து போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கேட்டார். நான் போனை வாங்கித் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்து முடித்துத் தலையைத் தூக்கியபோது அவர் தெருமுனை திரும்பிவிட்டார். ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. எந்த எண்ணமும் இல்லை என்பதுதான் நிஜம்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். முதுகில் பை, வெயிலில் கறுத்த முகம். அந்த ஸ்பீக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது இங்க வாங்குனதுதானுங்களா?"

"ஆமாங்க. ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு ஒன்னுமில்லைங்க. எங்கப்பாவுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"எப்பத்துல இருந்து?"

"வந்த அன்னைக்கே."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மலையில் நடந்ததைச் சொன்னாள். இரண்டாம் நாள் காலையில் போட்டோவைக் கேட்டிருக்கிறாள். அப்பா, "ஆமா சாமி, நல்லா வெயிலு வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே, குனிந்தபடி தகட்டை விரித்திருக்கிறார். அவளுக்கு ஆத்திரம். அம்மா நாளில்கூட இப்படியா என்று எழுந்து காப்பித் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. சத்தம் போட்டாள். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாள். திரும்பவில்லை. கடைசியில் ஸ்பீக்கரை அவர் முதுகுக்கு அருகில் வைத்து, முழுச் சத்தத்தில் பாட்டைப் போட்டாள். மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. அவர் தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆறு வருசமா வாராவாரம் போன் பண்றனுங்க. எதைக் கேட்டாலும் சாப்ட்டேன், பத்திரமா இருன்னு வெச்சிருவாரு. ஊட்டுக்கு வந்தா நேருக்கு நேரு பேசறப்ப ஒழுங்காப் பேசுவாரு. அப்ப போன்ல என்கூடப் பேசப் பிடிக்கலைன்னுதானே நெனைப்பேன்? அம்மா செத்தப்ப வராததுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை மனசுல வெச்சுட்டுத்தான் இப்படிப் பேசறாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் அழவில்லை. அப்பா மாதிரியே சொன்னாள், வரிசையாக.

"நீங்க அன்னைக்குப் போன்ல போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க. அவரு என்ற பக்கத்துலதான் நின்னாரு. நான் அவருகிட்டச் சொல்லலை" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க?"

"தெரியலைங்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதுவும் தோன்றவில்லை. "செரிங்க" என்று ஸ்பீக்கரைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். சேலத்தில் காது டாக்டரிடம் நாள் வாங்கியிருப்பதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடிக் காற்றில் கடைக்குள் மண் வந்து விழுந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். அண்ணன் ஈரோடு போயிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா வந்து வாசலில் நின்றார். காதுக்குப் பின்னால் சின்ன மெஷின்.

"பாப்பா ஓசூருக்கே வந்துருங்கப்பாங்குது. போறதுக்கு முந்தி சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க" என்றார். இன்னும் கத்தித்தான் பேசினார். கத்தியதும் அவரே திடுக்கிட்டுக் காதைத் தொட்டுக்கொண்டார். "என்ற கொரலு இதுதானாங்க? காக்காகூட இத்தனை சத்தமாக் கத்துமுங்களா? நான் மறந்தே போயிட்டேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"போட்டோ சமாச்சாரம் பாப்பா சொல்லுச்சுங்க."

நான் ஒயர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லியிருந்தாலும் எடுத்துட்டுப் போயிருக்க மாட்டனுங்க. பாப்பாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். ஊட்டுல அந்த ஒரு போட்டோதான். மாட்டுன நாள்ல இருந்து நான் அதைத் தொட்டதில்லை. எறக்குனா, மறுபடி மாட்டோணுமுல்லங்க."

அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியாது.

நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒயர்களை ஆணியில் மாட்ட ஆரம்பித்தேன். நீளமானது ஒரு பக்கம், குட்டையானது ஒரு பக்கம். வீட்டில் அண்ணனும் அண்ணியும் பிரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த என் வீட்டுக்காரர் படம், காகிதம்கூடப் பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. யாரிடமும் அதைப்பற்றிப் பேசியதில்லை. யாராவது கேட்டால் அடுத்த வாரம் என்பேன்.

"எங்க ஊட்டுல இன்னும் மாட்டவே இல்லைங்க" என்றேன். ஒயர்களைப் பார்த்துத்தான் சொன்னேன். என் காதுக்கே சரியாகக் கேட்காத குரல்.

"கேட்டுதுங்க" என்றார் பின்னாலிருந்து.

கத்தவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். நான் திரும்பாமல் ஒயர்களை மாட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே அவர் ஊருக்குப் போகிற டவுன் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் போகவில்லை.